அறுவை அரங்குக்கு முன்னும் பின்னும்: ஆனேக்கல் தாலுகாவும் இதய சிகிச்சையின் வரலாறும்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போகும் பேருந்து அத்திப்பள்ளியில் மாநில எல்லையைத் தாண்டியதும் ஆனேக்கல் தாலுகா தொடங்கிவிடுகிறது. ராகி வயல்களும் பட்டுத் தறிகளுமாக இருந்த இந்தப் பகுதியில் அத்திப்பள்ளி, ஜிகணி, பொம்மசந்திரா என்று ஒவ்வொன்றாகத் தொழிற்பேட்டைகள் முளைத்தன. அந்தப் பொம்மசந்திராவில்தான் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணா ஹிருதயாலயா என்ற இதய மருத்துவமனை எழுந்தது. இன்று மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும்கூட நோயாளிகள் அதைத் தேடி வருகிறார்கள். ஏழைக்கும் எட்டும் விலையில் இதய அறுவை நடந்த இடம் என்றே ஆனேக்கலின் மருத்துவ வரலாறு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அதில் பொய் இல்லை. ஆனால் அது பாதி வரலாறுதான். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர் பிழைப்பாரா, பிழைத்தால் பழையபடி நடமாடுவாரா என்பது பெரும்பாலும் அறுவை அரங்குக்கு வெளியே, அதற்கு முந்தைய சில மணி நேரத்திலும் பிந்தைய சில ஆண்டுகளிலும் முடிவாகிறது. இதற்கான சான்றுகளில் பல இதே ஓசூர் சாலையை ஒட்டியே கிடைக்கின்றன.

முதலில் அந்தப் பாதி வரலாற்றுக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடலாம். இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையை 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் செய்தார். அதன் பிறகும் பல ஆண்டுகள் அந்த அறுவை வசதி படைத்தவர்களுக்கும் அரசு ஊழியர்களுக்குமே கைக்கெட்டியது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் பயிற்சி பெற்று 1989-ல் நாடு திரும்பிக் கொல்கத்தாவில் பணியாற்றிய இதய அறுவை நிபுணர் தேவி ஷெட்டி, பொம்மசந்திராவில் தான் நிறுவிய மருத்துவமனையில் வேறொரு கணக்கைப் போட்டார். விலையுயர்ந்த கருவிகள் நாள் முழுக்க ஓய்வின்றி இயங்கினால் ஒவ்வோர் அறுவையின் தலையிலும் விழும் செலவு குறையும். ஒரே வகை அறுவையைத் தினமும் செய்யும் கை தேர்ச்சி பெறும். மொத்தமாக வாங்கும்போது மருந்தும் நூலும் வால்வும் மலிவாகும். 2009-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் அவரைக் கார் தொழிற்சாலை கண்ட ஹென்றி ஃபோர்டோடு ஒப்பிட்டு எழுதியது. 2008-ல் அங்கே 3,174 பைபாஸ் அறுவைகள் நடந்தன என்றும், அமெரிக்காவின் புகழ்பெற்ற கிளீவ்லேண்ட் கிளினிக்கில் அதே ஆண்டு நடந்தவை 1,367 என்றும் அந்தக் கட்டுரை கணக்குக் காட்டியது.

எண்ணிக்கை கூடினால் தரம் குறையாதா என்ற கேள்விக்கும் அந்தக் கட்டுரையில் பதில் இருந்தது. பைபாஸ் முடிந்து 30 நாளுக்குள் இறப்பவர்கள் பொம்மசந்திராவில் 1.4 விழுக்காடு, அமெரிக்கச் சராசரி 1.9 விழுக்காடு. இந்த ஒப்பீட்டை அப்படியே விழுங்க முடியாது. அமெரிக்க நோயாளிகளின் வயது, உடன் இருக்கும் நோய்கள், அறுவைக்கு வந்தபோது இருந்த நிலை ஆகியவற்றைச் சமன்செய்யாமல் இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்தால் எது மேல் என்று தீர்ப்புச் சொல்வது கடினம். ஆனாலும் மலிவு என்றால் மட்டம் என்ற பழைய நம்பிக்கையைத் தகர்க்க அந்த எண் போதும். அதைவிட முக்கியமாக, அது யாரைப் பற்றிய எண் என்று கவனிக்க வேண்டும். நாள் குறித்து, பணம் திரட்டி, ரயிலேறி வந்து, மேசைமேல் படுத்தவர்களைப் பற்றிய எண் அது. வரும் வழியிலேயே இறந்தவர், வாயுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவர், உள்ளூர் ஆஸ்பத்திரியில் இசிஜி எடுக்க ஆளில்லாமல் காத்திருந்தவர் யாரும் அந்தக் கணக்கில் இல்லை.

மாரடைப்பில் நேரம் வகிக்கும் பங்கு 1980-களிலேயே ஐயமறத் தெரிந்துவிட்டது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கட்டி அடைத்துக்கொண்ட நிமிடத்திலிருந்து அதற்குப் பின்னாலுள்ள தசை சாகத் தொடங்குகிறது. கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து உயிர் காக்கிறது என்பதை இத்தாலியில் நடந்து 1986-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு பலன் என்பதும் அதிலேயே தெரிந்தது. 17,187 நோயாளிகளை வைத்து நடந்து 1988-ல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், இரண்டு மருந்தும் பெறாதவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய ரத்தநாளக் காரணங்களால் இறந்தவர்கள் 13.2 விழுக்காடு. ஸ்ட்ரெப்டோகைனேஸும் சாதாரண ஆஸ்பிரினும் சேர்ந்து கிடைத்தவர்களில் அது 8 விழுக்காடாக இறங்கியது. இதற்கு அறுவை அரங்கு வேண்டாம். ஓர் இசிஜி கருவி, அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர், ஊசி போட்டபின் கண்காணிக்க ஒரு படுக்கை இருந்தால் போதும். அதாவது, பொம்மசந்திராவில் முதல் கல் நடுவதற்குப் பத்தாண்டுக்கு முன்பே தாலுகா ஆஸ்பத்திரி அளவில் செய்யக்கூடிய சிகிச்சை உலகுக்குத் தெரிந்திருந்தது.

அது இந்திய நோயாளிக்குக் கிடைத்ததா என்பதை, அதே ஓசூர் சாலையை ஒட்டிய கோரமங்களாவில் உள்ள புனித ஜான் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள். 50 நகரங்களின் 89 மருத்துவமனைகளில் 20,468 நோயாளிகளைப் பதிவுசெய்த அவர்களது கிரியேட் ஆய்வு 2008-ல் லான்செட் இதழில் வெளியானது. முழு அடைப்பு மாரடைப்பு வந்தவர்களில் பாதிப் பேருக்கு வலி தொடங்கி மருத்துவமனை வாசலை மிதிக்கவே 6 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. உள்ளே வந்தபின் ஊசி போட ஆன நேரமோ ஏறத்தாழ 50 நிமிடம். தாமதத்தின் பெரும்பகுதி வாசலுக்கு வெளியே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இன்னொரு கண்டுபிடிப்பு இன்னும் கூர்மையானது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் ஏழைகளில் 8.2 விழுக்காடு, வசதியானவர்களில் 5.5 விழுக்காடு. ஏழைகளின் உடல்நிலையும் பழக்கங்களுமே காரணம் என்று ஒருவர் சொல்லலாம். ஆய்வாளர்கள் அவற்றைச் சமன்செய்து பார்த்தார்கள். வித்தியாசம் அப்படியே நின்றது. பெற்ற சிகிச்சையைச் சமன்செய்தபோதுதான் மறைந்தது. ஏழை அதிகமாகச் செத்ததற்குக் காரணம், உரிய மருந்தும் சிகிச்சையும் அவருக்குக் குறைவாகக் கிடைத்ததே.

பொம்மசந்திராவுக்கு இது தெரியாமல் இல்லை. 2002-ல் இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியாகச் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையும் சரகூர் விவேகானந்தர் நினைவு மருத்துவமனையும் நாராயணா ஹிருதயாலயாவோடு இணைக்கப்பட்டன. நோயாளி தன் ஊரிலேயே படுத்திருக்க, அவரது இசிஜி மட்டும் ஆனேக்கல் தாலுகாவுக்குப் பயணம் செய்து வந்தது. அதே காலத்தில் தேவி ஷெட்டியின் யோசனையில் கர்நாடகக் கூட்டுறவுத் துறை யசஸ்வினி திட்டத்தைத் தொடங்கியது. 2003 ஜூனில் நடைமுறைக்கு வந்த அத்திட்டத்தில் கூட்டுறவுச் சங்க விவசாயி மாதம் 5 ரூபாய் கட்டினால் அறுவைச் செலவைத் திட்டம் ஏற்றது; முதல் ஆண்டே சுமார் 16 லட்சம் பேர் சேர்ந்தார்கள். இந்த இரண்டு முயற்சிகளில் யசஸ்வினி பெரும்புகழ் பெற்றது. இசிஜியை அனுப்பிய கம்பியில்லா வழி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. காப்பீட்டுத் திட்டங்கள் அறுவையையே மையமாக வைத்து வளர்ந்ததில் வியப்பில்லை. அறுவைக்கு விலைச்சீட்டு உண்டு, எண்ணிக்கை உண்டு, புகைப்படம் உண்டு. இரவு இரண்டு மணிக்குத் தாலுகா ஆஸ்பத்திரியில் சரியான நேரத்தில் போடப்பட்ட ஓர் ஊசிக்கு இவை எதுவும் இல்லை.

அப்படியானால் பெரிய மருத்துவமனைகளுக்கும் காப்பீட்டுக்கும் செலவிட்டது வீணா என்று கேட்கலாம். இல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு உயர் சிகிச்சை தர 2010-ல் வட கர்நாடகத்தில் தொடங்கிய வாஜ்பாய் ஆரோக்கியஸ்ரீ திட்டத்தை ஆராய்ந்த கட்டுரை 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. திட்டத்துக்குள் வந்த கிராமங்களின் ஏழைக் குடும்பங்களில், திட்டம் ஏற்கும் நோய்களால் நேர்ந்த மரணம் 0.32 விழுக்காடு, திட்டம் எட்டாத கிராமங்களின் அதே நிலைக் குடும்பங்களில் 0.90 விழுக்காடு. பணம் தடையாக இருந்த இடத்தில் பணம் உயிர் காத்தது. ஆனால் மாரடைப்பில் பணத்தோடு தூரமும் தடை, அறியாமையும் தடை, நள்ளிரவில் இசிஜியைப் படிக்க ஆளில்லாததும் தடை. இவற்றில் முதல் தடையை மட்டும் அகற்றிவிட்டு மற்றவை தாமே விலகும் என்று எதிர்பார்க்க முடியாது.

எல்லாத் தடைகளையும் ஒருசேர எடுத்துப் பார்த்த முயற்சி எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் நடந்தது. இதய மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டரும் அஜித் முல்லசாரியும் முன்னின்று நடத்திய அந்தத் திட்டத்தில் 35 சிறிய மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் 4 பெரிய இதய மையங்களோடு இணைக்கப்பட்டன. 108 ஆம்புலன்ஸ் இரண்டுக்கும் பாலமாயிற்று. முடிவுகள் 2017-ல் வெளியாயின. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்திருந்தார்கள். புதிய மருந்தோ புதிய கருவியோ கண்டுபிடிக்கப்படாமல், இருப்பதை ஒழுங்குபடுத்தியதால் மட்டும் வந்த குறைவு இது. கர்நாடகமும் 2023-ல் நடிகர் புனீத் ராஜ்குமாரின் பெயரில் இருதய ஜோதி திட்டத்தைத் தொடங்கியது. தாலுகா ஆஸ்பத்திரியில் எடுத்த இசிஜியை ஜெயதேவா இதய நிறுவனத்தின் வல்லுநர்கள் பார்த்துச் சொல்ல, கட்டி கரைக்கும் டெனெக்டிபிளேஸ் ஊசி அங்கேயே இலவசமாகப் போடப்படுகிறது. ஸ்டென்ட் கிடைக்கிற காலத்தில் ஊசி என்பது ஏழைக்கு ஒதுக்கிய இரண்டாந்தரச் சிகிச்சைதானே என்ற ஆட்சேபம் உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் ஸ்டென்ட் வைக்க முடியாதவர்களை வைத்து நடந்த ஸ்ட்ரீம் ஆய்வு 2013-ல் இதற்குப் பதில் தந்தது: முதலில் ஊசி, பிறகு பெரிய மையத்தில் ஆஞ்சியோ என்ற வழி, நேராக ஸ்டென்ட் வைப்பதற்கு ஏறக்குறைய ஈடான பலனையே கொடுத்தது. மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் சிறிது கூடுதல் என்பதையும் மறைக்கக் கூடாது. வயதானவர்களுக்கு ஊசியின் அளவைப் பாதியாக்கி அதையும் அந்த ஆய்விலேயே குறைத்தார்கள்.

பக்கவாதத்தில் இதே வாதம் இன்னும் வலுவாகிறது. ஏனென்றால் அங்கே பெரும்பாலோருக்கு அறுவை என்ற ஒன்றே கிடையாது. கட்டி கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குமுன் ரத்தக்கசிவு இல்லை என்று சிடி ஸ்கேன் சொல்ல வேண்டும். அந்த நேரம் கடந்து வருபவர்களில் பெரும்பாலோருக்கு மிஞ்சுவது நல்ல பராமரிப்பு. அதன் வலிமையை ஆஸ்திரேலியாவில் 2011-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காய்ச்சலைக் குறைப்பது, ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, வாயில் எதையும் கொடுக்குமுன் விழுங்க முடிகிறதா என்று சோதிப்பது ஆகிய மூன்றையும் செவிலியர் ஒழுங்காகச் செய்த பிரிவுகளில், மூன்று மாதம் கழித்து இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்த்தவர்களும் 42 விழுக்காடு. மற்றப் பிரிவுகளில் 58 விழுக்காடு. ஓசூர் சாலையிலேயே உள்ள நிமான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனம் 2022-ல் கர்நாடக அரசோடு சேர்ந்து தொடங்கிய மூளை நலத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்குப் பக்கவாதம் உள்ளிட்ட நோய்களில் பயிற்சி தருவதை மையமாக வைத்ததற்கு இந்தப் பின்னணியில் நல்ல நியாயம் இருக்கிறது.

ஒழுங்குபடுத்தினால் போதும் என்பதற்கு எதிரான சான்றுகளும் உண்டு; அவற்றைத் தவிர்த்துவிட்டு வாதத்தை முடிப்பது நேர்மையாகாது. கேரளத்தில் 63 மருத்துவமனைகளில் 21,374 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2018-ல் வந்தது. சரிபார்ப்புப் பட்டியல், மாதாந்தரத் தணிக்கை, அவசரக் குழுப் பயிற்சி எல்லாம் கொடுத்தும், காலப்போக்கின் தாக்கத்தைக் கழித்துப் பார்த்தபோது 30 நாள் முடிவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பக்கவாதம் வந்தவருக்குக் குடும்பத்தாரே பயிற்சி கொடுக்கும் முறையை இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் சோதித்த ஆய்வும் 2017-ல் பலன் இல்லை என்றே முடிந்தது. இவற்றிலிருந்து ஒழுங்கு பயனற்றது என்று முடிவெடுப்பது அவசரம். கேரளத்து முயற்சி மருத்துவமனைக்குள் வந்தவர்களின் சிகிச்சையைத் திருத்த முயன்றது. கிரியேட் கண்ட ஆறு மணி நேரத் தாமதம் அதன் எல்லைக்கு வெளியே இருந்தது. தமிழ்நாட்டுத் திட்டம் ஆம்புலன்ஸையும் சிறு மருத்துவமனையையும் சேர்த்துக்கொண்டது. தேர்ந்த பயிற்சியாளர் செய்ய வேண்டியதை வீட்டாரின் தலையில் கட்டினால் பலிக்காது என்பதே பக்கவாத ஆய்வின் பாடம். எந்த இடத்தில் ஓட்டை என்று பார்த்து அங்கே அடைத்தால்தான் பயன் என்பதைத் தோற்ற ஆய்வுகளும் வென்ற ஆய்வுகளும் சேர்ந்தே சொல்கின்றன.

உயிர் பிழைத்து வீடு திரும்பியபின் நடப்பதுதான் மிகக் குறைவாகக் கவனிக்கப்பட்ட பகுதி. புனித ஜான் ஆய்வாளர்கள் 14 மருத்துவமனைகளில் 806 இதய நோயாளிகளை ஓராண்டு தொடர்ந்தார்கள். பயிற்சி பெற்ற சமூக நலப் பணியாளர் அவ்வப்போது சந்தித்துப் பேசியவர்களில் 97 விழுக்காட்டினர் மாத்திரையை ஒழுங்காக எடுத்தார்கள். மற்றவர்களில் 92 விழுக்காட்டினர். ரத்த அழுத்தமும் குறைந்திருந்தது. வித்தியாசம் சிறிது என்று தோன்றலாம். ஆனால் லட்சக்கணக்கானோர் வாழ்நாள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டிய நோயில் ஐந்து விழுக்காடு என்பது பெரிய கூட்டம். வலி போய்விட்டது, மாத்திரை தீர்ந்துவிட்டது, இனி எதற்கு என்று நிறுத்துபவரைத் தடுக்க இருதய நிபுணர் தேவையில்லை. ஊரறிந்த ஓர் ஆஷா பணியாளர் போதும்.

எனவே ஆனேக்கல் தாலுகா உலகுக்குத் தந்த பாடத்தை நாம் குறுக்கிப் படித்துவிட்டோம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய், ஒவ்வொரு முறையும் அள, அளந்ததைக் கொண்டு செலவையும் பிழையையும் குறை என்பதே பொம்மசந்திராவின் உண்மையான கண்டுபிடிப்பு. பைபாஸுக்கு ஒத்துவந்த அந்த ஒழுங்கு, இசிஜிக்கும் ஊசிக்கும் விழுங்கும் சோதனைக்கும் மாத்திரைக்கும் ஒத்துவராமல் போகக் காரணம் எதுவும் இல்லை. வலி தொடங்கியதிலிருந்து முதல் இசிஜி வரை எத்தனை நிமிடம், இசிஜியிலிருந்து ஊசி வரை எத்தனை நிமிடம், ஓராண்டு கழித்து எத்தனை பேர் உயிரோடு இருந்து மாத்திரையும் எடுக்கிறார்கள் என்ற மூன்று எண்களை ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று சட்டம் போட்டால், அந்த எண்கள் தொடக்கத்தில் அவமானமாகவே இருக்கும். 1.4 என்ற எண்ணைப் பெருமையாக வெளியிட்ட தாலுகாவிலிருந்தே அந்தப் பழக்கத்தைத் தொடங்குவது பொருத்தம். மூடி வைத்த எண்ணைக் கொண்டு எந்த ஆஸ்பத்திரியும் இதுவரை திருந்தியதில்லை.