ஒன்றரை அடிக் காம்பு

கலிபோர்னியாவின் சாலினாஸ் ஊரில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் லெட்டூஸ் வயல்தான். அமெரிக்கா முழுக்கச் சாலட் தட்டுகளில் விழும் கீரையில் பெரும்பங்கு இங்கிருந்து லாரி ஏறுகிறது. என்னிடம் வருகிறவர்களில் எண்பதைத் தொட்ட மெக்ஸிகப் பெரியவர்கள் சிலர் உண்டு. எந்த வருஷம் வயல் வேலைக்கு வந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். 1975-க்கு முன்னால் என்று பதில் வந்தால், எக்ஸ்ரே படம் எப்படி இருக்கும் என்பது பாதி தெரிந்துவிடும். இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் இடைத்தட்டுகள் தேய்ந்து, எலும்போடு எலும்பு உட்கார்ந்திருக்கும்.

காரணம், அந்த வருஷம் வரை அவர்கள் கையில் கொடுக்கப்பட்டிருந்த களைக்கொத்து. காம்பு ஓரடிக்கும் இரண்டடிக்கும் இடைப்பட்டது. ‘எல் கோர்டிடோ’, அதாவது குட்டையன், என்பார்கள். லெட்டூஸ் விதையை வரிசையில் நெருக்கமாக விதைத்துவிடுவது அன்றைய வழக்கம். முளை விட்டதும் ஏறக்குறைய ஓரடிக்கு ஒரு கன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டிக் கலைக்க வேண்டும். ஒரு பெரியவர் என் அறையில் கைத்தடியையே களைக்கொத்தாகப் பிடித்துச் செய்து காட்டினார். வலது கை வெட்டிக்கொண்டே போகும். ஒட்டி நிற்கும் இரட்டைக் கன்றில் ஒன்றை இடது கை பிடுங்கும். கால்கள் பக்கவாட்டில் நகரும். தலை முழங்காலுக்கு அருகில் இருக்கும். வரிசை முடியும்வரை நிமிர்வதில்லை. நாளைக்குப் பத்து மணி நேரம் இப்படி.

நீளக் காம்பு போட்டால் வேலை நடக்காதா? நடக்கும். ஆனால் முதலாளிகள் சொன்ன காரணம், நின்றுகொண்டு வெட்டினால் கன்று சேதமாகும், வேலையில் துல்லியம் இருக்காது என்பது. அவர்கள் உரக்கச் சொல்லாத இன்னொரு வசதியும் குட்டைக் காம்பில் இருந்தது. வரப்பில் நிற்கும் மேஸ்திரிக்கு வயல் முழுக்க வளைந்த முதுகுகள் தெரியும். யாராவது நிமிர்ந்தால் அவன் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஐம்பது பேரைக் கண்காணிக்க ஒரே ஒரு பார்வை போதும்.

இந்த ஏற்பாடு இத்தனை காலம் எப்படித் தாங்கியது என்று யோசித்தால், வயலைவிட எல்லைச் சாவடியைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கலிபோர்னியாவின் வயல்களுக்குச் சீனர்கள் வந்தார்கள். 1882-இல் சட்டம் போட்டு மேற்கொண்டு வராமல் தடுத்தார்கள். ஜப்பானியர் வந்தார்கள். நம் பஞ்சாபிகளும் வந்தார்கள்; 1917-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவிலிருந்து தொழிலாளர் வருவதை அடைத்தது. பிலிப்பைன்ஸ்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொரு கதவும் மூடியபோது தெற்குக் கதவு மட்டும் தேவைக்கேற்பத் திறந்து மூடும்படி வைக்கப்பட்டது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் மெக்ஸிகர்களை ரயிலேற்றி அனுப்பினார்கள்; அவர்களில் அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளும் இருந்தார்கள். போர் வந்து ஆள் போதாமல் போனதும், 1942 ஆகஸ்டில் மெக்ஸிகோ அரசோடு ஒப்பந்தம் போட்டு மறுபடி அழைத்தார்கள். அதுதான் பிரசேரோ திட்டம். 1964 கடைசிவரை நடந்தது. மொத்தம் 46 லட்சத்துக்கு மேல் வேலை ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின.

வந்தவர்களை வரவேற்ற விதத்துக்குப் படமே சாட்சி. 1956-இல் டெக்ஸாஸின் ஹிடால்கோவில், வந்தவர்களைப் பதிவு செய்யும் மையத்தில் லியோனார்ட் நாடெல் எடுத்த புகைப்படம் அது. ஆண்கள் வரிசையில் நிற்கிறார்கள். முகமூடி போட்ட அதிகாரி ஒருவர் அவர்களில் ஒருவரின் முகத்தில் டி.டி.டி. மருந்தை அடிக்கிறார். முகமூடி அடிக்கிறவருக்கு மட்டும்தான். இதுபோன்ற மையங்களில் உள்ளங்கையைத் தடவிக் காய்ப்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆள் எடுத்தார்கள். மிருதுவான கை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் கூலி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் எழுத்தில் இருந்தது. ஆனால் ஒப்பந்தத்தில் வந்தவர் இன்ன முதலாளியிடம் என்று கட்டப்பட்டவர். சாப்பாடு சரியில்லை, முதுகு வலிக்கிறது என்று வாய் திறந்தால் அடுத்த பருவத்துக்கு அவர் பெயர் பட்டியலில் இருக்காது. எர்னெஸ்டோ கலார்சா என்ற ஆய்வாளர் முகாம் முகாமாகப் போய் அவர்களிடம் பேசி 1956-இல் எழுதிய அறிக்கையில், எழுத்தில் இருந்ததும் நடந்ததும் எவ்வளவு விலகியிருந்தன என்பதைப் பதிவு செய்தார். வயல் முதலாளிகள் கொதித்துப் போனார்கள்.

சாலினாஸுக்குத் தெற்கே சுவாலார் என்ற சிற்றூர் இருக்கிறது. 1963 செப்டம்பர் 17 அன்று வயலிலிருந்து பிரசேரோக்களை ஏற்றிவந்த ஒரு லாரி மீது, அது அங்கே தண்டவாளத்தைக் கடக்கும்போது சரக்கு ரயில் மோதியது. லாரியின் பின்தட்டில் கூண்டு கட்டி, நீள பெஞ்சுகளைப் போட்டுப் பேருந்து என்று பெயர் வைத்திருந்தார்கள். 32 பேர் செத்துப்போனார்கள். இதையும் கலார்சாதான் விசாரித்து எழுதினார். அடுத்த ஆண்டு திட்டம் முடிவுக்கு வந்ததற்கு இந்த விபத்து எழுப்பிய கோபமும் ஒரு காரணம். நெடுஞ்சாலை 101-இல் அந்தப் பகுதிக்கு இப்போது பிரசேரோக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன்.

திட்டம் போனது, களைக்கொத்து போகவில்லை. அதை ஒழித்தது ஒரு வழக்கு. கலிபோர்னியா கிராமப்புறச் சட்ட உதவி அமைப்பின் சாலினாஸ் அலுவலகத்தில் மாரிஸ் ஜூர்டேன் என்ற இளம் வழக்கறிஞர் இருந்தார். அவரும், வயல் வேலையை நன்கறிந்த களப்பணியாளர் ஹெக்டர் தெ லா ரோசாவும் சேர்ந்து தொழிலாளர்களைத் திரட்டினார்கள். மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறையிடம் மனு போட்டார்கள். முதுகுத்தண்டு பழுதாகிறது, அது மீளாத பழுது என்று மருத்துவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். துறை வாரியம் மனுவைத் தள்ளிவிட்டது. தள்ளியதற்கு அது சொன்ன காரணத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். இன்றும் கோபம்தான் வருகிறது. பாதுகாப்பற்ற கைக்கருவியைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி இருந்தது உண்மைதான். ஆனால் பாதுகாப்பற்ற கருவி என்றால் காம்பு உடைந்ததோ தலை கழன்றதோதான். நல்ல நிலையில் இருக்கும் களைக்கொத்துக்கு அந்த விதி பொருந்தாது என்றது வாரியம். இரும்பும் மரமும் பழுதாகாதவரை பழுதே இல்லை. பிடித்திருக்கிற மனிதனின் முதுகு கணக்கில் வரவில்லை.

மாநில உச்ச நீதிமன்றம் 1975 ஜனவரியில் இதை ஏற்க மறுத்தது. எந்த விதமாகப் பயன்படுத்த வேண்டியிருக்கிறதோ அந்த விதத்தாலேயே ஒரு கருவி ஆபத்தானதாகலாம் என்றது. மனுதாரர் கார்மோனா ஒரு பண்ணைத் தொழிலாளி; தீர்ப்பு அவர் பெயரில்தான் இருக்கிறது. ஏப்ரலில் குட்டைக் களைக்கொத்து தடை செய்யப்பட்டது. நீளக் காம்போடு லெட்டூஸ் விளையத்தான் செய்தது. சாலினாஸ் எதையும் இழக்கவில்லை.

ஆனால் கருவிக்குத்தான் தடை, குனிவதற்கு இல்லை. பல பண்ணைகளில் களைக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு வெறுங்கையால் களை பறிக்கச் சொன்னார்கள். அதைக் கட்டுப்படுத்தும் விதி வருவதற்கு 2004 ஆகிவிட்டது. அதிலும் இயற்கை வேளாண் பண்ணைகளுக்கு விலக்கு. மருந்தில்லாத கீரை வேண்டும் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிற நாங்கள், அந்தக் களையை யார் எப்படி எடுத்தார்கள் என்று கேட்பதில்லை.

மருந்தடித்த வயலின் கதை இன்னும் கொடியது. இதே சாலினாஸ் பள்ளத்தாக்கில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிரெண்டா எஸ்கெனாசி குழுவினர் கர்ப்பிணிப் பெண்களைச் சேர்த்து, அவர்கள் பெற்ற பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். கருவில் இருந்தபோது ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து அதிகம் பட்ட பிள்ளைகளுக்கும் மிகக் குறைவாகப் பட்ட பிள்ளைகளுக்கும் ஏழு வயதில் நுண்ணறிவு அளவெண்ணில் ஏழு புள்ளி வித்தியாசம் இருந்ததை 2011-இல் வெளியிட்டார்கள். அந்த வகை மருந்துகளில் ஒன்றான குளோர்பைரிபாஸ் விற்பனையைக் கலிபோர்னியா நிறுத்தியது 2020-இல். ஆய்வு சொன்ன பிறகும் ஒன்பது ஆண்டுகள் அந்த மருந்து விற்பனையில் இருந்தது. வெயிலில் தொழிலாளிக்கு நிழலும் தண்ணீரும் தர வேண்டும் என்ற விதியையும் 2005 கோடையில் பலர் சுருண்டு விழுந்து இறந்த பிறகே எழுதினார்கள்.

இப்போது வயலுக்கு வருகிற இளைஞர்களில் பலர் பருவகால வயல் வேலைக்கான எச்-2ஏ விசாவில் வருகிறார்கள். விசாவில் முதலாளியின் பெயர் இருக்கிறது; பிரசேரோ ஒப்பந்தத்திலும் இருந்தது. விசாவே இல்லாதவர்களும் உண்டு. அமெரிக்காவின் பயிர்த் தொழிலாளர்களில் பத்தில் நான்கு பேர் அப்படித்தான். காயத்துக்கு இழப்பீடு கேட்க இந்த மாநிலத்தில் ஆவணம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே உரிமை. இதை என்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன், படிவத்தையும் கையில் கொடுக்கிறேன். இதை நிரப்பினால் முதலாளிக்குத் தெரியுமா என்று கேட்கிறார்கள். தெரியும், அவர் கையில்தான் கொடுக்க வேண்டும். வேலையை விட்டு நிறுத்தினால் அது சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்கிறேன். சிலர் நிரப்புகிறார்கள். பெரும்பாலோர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வலிக்கு என்ன பயிற்சி செய்யலாம் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.