அடைப்புக்குறிக்குள் விடுபட்ட நோய்

ஒரகடத்திலிருந்து படப்பை வழியாகத் தாம்பரம் வந்தால், 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய சானடோரியம். பெயர்ப் பலகை மாறிவிட்டாலும் ஊருக்கு இன்னும் அது டி.பி. ஆஸ்பத்திரிதான். எய்ட்ஸ் நோயாளிகள் கூட்டம் கூட்டமாக இந்த நெஞ்சக மருத்துவமனைக்கு ஏன் வந்தார்கள்? காசநோய்தான் காரணம் என்று வார்டு ஆயாகூடச் சொல்லிவிடுவார். ஆனால், எய்ட்ஸை அடையாளம் காட்டும் நோய்களின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் நுரையீரல் காசநோய் எப்போது ஏறியது என்று பழைய அறிக்கைகளைப் புரட்டத் தொடங்கினேன். விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை.

முதல் தாள், அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் 1981 ஜூன் 5 தேதியிட்ட வார அறிக்கை. லாஸ் ஏஞ்சலீஸில் ஐந்து இளைஞர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் நிமோனியா; இருவர் இறந்துவிட்டனர். நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவரை அண்டாத கிருமி அது. அதே மையத்தில் அரிய மருந்துகளை அனுப்பும் பணியில் இருந்த சாண்ட்ரா ஃபோர்டும், பென்டமிடின் கேட்டு வழக்கத்துக்கு மாறாகக் கோரிக்கைகள் வருவதைக் கவனித்திருந்தார். அப்போது வைரஸ் எதுவென்று தெரியாது, பரிசோதனையும் கிடையாது. கூட வரும் நோயை வைத்துத்தான் எய்ட்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

தேடியது 1982 செப்டம்பர் அறிக்கையில் கிடைத்தது. 'எய்ட்ஸ்' என்ற பெயரோடு அதில் ஒரு நோய்ப் பட்டியல். நியூமோசிஸ்டிஸ், கபோசி சர்கோமா, மூளையைத் தாக்கும் டாக்சோபிளாஸ்மா, கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை என்று போகிறது. காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுகளான மைக்கோபாக்டீரியங்களும் இருக்கின்றன. பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி: காசநோய், தொழுநோய் வகைகள் நீங்கலாக.

எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. எதிர்ப்புச் சக்தி குலையாதவருக்கும் டி.பி. வரும், அதை எய்ட்ஸின் சாட்சியாக எப்படி எடுப்பது? லாஸ் ஏஞ்சலீஸுக்கு அந்த நியாயம் சரி. பெரியவர்களில் பலர் காசநோய்க் கிருமியை உடம்பில் தூங்க வைத்துக்கொண்டு நடமாடும் ஊரில், எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் முதலில் விழித்துக்கொள்வது அதுதானே! 1987 திருத்தத்தில் நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோய் மட்டும் உள்ளே வந்தது.

அதற்குள் சென்னையில் ஹெச்.ஐ.வி. பிடிபட்டிருந்தது, அதுவும் நோய் எதையும் பின்தொடராமலே. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, பாலியல் தொழில் செய்த பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்தார். வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, கணவரோடு ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, தொற்று உண்டு என்பதற்கு அதுதான் அடையாளம். 1986-ன் அந்த முடிவை அன்றைய சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டப்பேரவையில் அறிவித்தார். தொற்று இங்கே வந்தது உறுதியாயிற்று. அது எந்த முகத்தோடு நோயாக வெளிப்படும் என்பது தெரிய இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

1993 ஜனவரியில் நுரையீரல் காசநோய் பட்டியலில் ஏறியது. அதே ஆண்டில் தாம்பரம் ஹெச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் கதவு திறந்தது. சுனிதி சாலமன் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற ஹெச்.ஐ.வி. சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். மூன்றும் ஒரே ஆண்டில் அமைந்தது தற்செயல்தான். ஆனால் நம் ஊர்க் கணக்கு எழுதப்பட்டது அதற்குப் பிறகுதான்.

அந்தக் கணக்கு, ஒய்.ஆர்.ஜி. கேரின் டாக்டர் குமாரசாமி குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. சென்னையில் 594 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். எய்ட்ஸை அடையாளம் காட்டிய நோய்களில் நுரையீரல் காசநோய் 49 சதவீதம். லாஸ் ஏஞ்சலீஸில் முதலில் நின்ற நியூமோசிஸ்டிஸ் இங்கே வெறும் 6. கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் 5, டாக்சோபிளாஸ்மா 3. அடைப்புக்குறிக்குள் தள்ளிவைத்த நோய்தான் ஏறக்குறைய பாதி.

எய்ட்ஸுக்கு இந்தியா வகுத்த வரையறையில் ஓர் உருப்படி இங்குள்ளவர்களுக்குப் பழக்கமானது: திரும்பத் திரும்ப வரும் அக்கி. கிராமத்தில் அக்கி வந்தால் குயவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொள்வார்கள். அறுபது வயதில் ஒருமுறை வந்தால் பெரிதாக யோசிக்க வேண்டாம். இருபத்தைந்து வயதில், உடம்பில் இரண்டு மூன்று இடத்தில் வந்தால் யோசிக்கத்தான் வேண்டும்.

ஒரகடம் சிப்காட் தொழிற்பேட்டை ஷிப்டுக்கு நடுவே மெடிக்கலில் சிரப் வாங்கிக் குடித்து இருமலை ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். டி.பி. என்று உறுதியானால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் ஹெச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், இலவசம், முடிவு ரகசியம். இரண்டுக்கும் அரசு மருத்துவமனையில் இலவச மருந்து உண்டு. வேலை கொடுக்க ஹெச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது என்பது 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம். சந்தேகம் கேட்க 1097-ஐ அழைக்கலாம்.