வெள்ளையர் என்போர் யார்? - அமெரிக்கப் பிரஜாவுரிமை வரலாற்றில் ஒரு பக்கம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி அமெரிக்காவைப் பற்றிப் பேச வந்தால், ரைட் சகோதரர்களின் விமானம் (1903), பனாமாக் கால்வாயின் திறப்பு (1914), முதலாம் உலக மகாயுத்தத்தில் அந்நாடு இறங்கியமை (1917) என்று பாடப்புத்தகங்கள் ஒரு வரிசையைச் சொல்லித் தரும். அந்த வரிசையில் சேராத ஒரு விடயமும் உண்டு. அதே ஆண்டுகளில் அந்நாட்டு நீதிமன்றங்கள் ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தன: வெள்ளையர் என்போர் யார்? கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் அதற்குக் கிடைத்த பதிலில் பலருடைய வீடும் காணியும் கடவுச்சீட்டும் தங்கியிருந்தன.

கேள்வியின் வேர் 1790 ஆம் ஆண்டுச் சட்டமொன்றில் இருந்தது. வெளிநாட்டில் பிறந்த ஒருவர் அமெரிக்கப் பிரஜையாக வேண்டுமானால் அவர் 'சுதந்திரமான வெள்ளையர்' ஆக இருக்க வேண்டும் என்றது அச்சட்டம். அடிமைமுறை ஒழிந்த பின்னர், 1870 இல் ஆபிரிக்க வம்சாவளியினருக்கும் அந்த உரிமை வழங்கப்பட்டது. 1882 இல் சீனருக்குக் கதவு வெளிப்படையாகவே அடைக்கப்பட்டது. ஆனால் சிரியர், ஆர்மீனியர், ஆப்கானியர், இந்தியர், ஜப்பானியர் ஆகியோர் எந்தப் பக்கம்? சட்டம் எதுவும் சொல்லவில்லை. 'வெள்ளையர்' என்ற சொல்லுக்கு அதில் வரைவிலக்கணமே இல்லை. ஆகவே தீர்மானிக்கும் பொறுப்பு நீதிபதிகளின் தலையில் விழுந்தது.

ஜோர்ஜியா மாநிலத்தின் சவன்னா நகரில் ஒரு விசாரணை. விண்ணப்பதாரி கல்கத்தாவில் பிறந்த ஆப்கானியர். நீதிமன்ற ஏடுகளில் அவர் பெயர் 'அப்பா டொல்லா' என்று இருக்கிறது. அப்துல்லாஹ் என்ற பெயர்தான் எழுதியவரின் காதில் இப்படி விழுந்திருக்க வேண்டும். கோட்டையும் சட்டையையும் கைமுட்டுக்கு மேலே உயர்த்திக் காட்டும்படி அவரிடம் சொல்லப்பட்டது. வெயில் படாத இடத்தில் தோல் முகத்தை விட வெளுப்பாக இருந்தது. நீல நரம்புகள் தெளிவாகத் தெரிந்தன. இதுவும் ஓர் அத்தாட்சியாகப் பதிவாயிற்று. இன்னோர் அத்தாட்சியும் இருந்தது. வெள்ளையருக்கென்று ஒதுக்கப்பட்ட மையவாடியில் அவருக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருந்தது. பிரஜாவுரிமை கிடைத்தது. அரசு செய்த மேன்முறையீடும் 1910 இல் தள்ளுபடியானது. உயிரோடு இருப்பவரின் உரிமையைத் தீர்மானிக்க அவருடைய கபுறுக்கான நிலம் சாட்சி சொன்ன காலம் அது.

சிரியர்களின் கதை வேறு. அக்காலத்தில் அங்கு குடியேறிய சிரியர்களுள் பெரும்பான்மையினர் கிறிஸ்தவர்கள். தென் கரோலினாவில் ஜோர்ஜ் டவ் என்ற சிரியரின் விண்ணப்பத்தை 1914 இல் நீதிபதி ஹென்றி ஸ்மித் நிராகரித்தார். உலகுக்கு வேதங்களைத் தந்த மண்ணின் மக்களையா ஒதுக்குகிறீர்கள் என்று சிரியர் தரப்பு வாதாடிப் பார்த்தது; அவரிடம் எடுபடவில்லை. அடுத்த ஆண்டே மேன்முறையீட்டு நீதிமன்றம் சிரியர்கள் வெள்ளையர்தான் என்றது. ஒரே மனிதர், ஒரே தோல். 1914 இல் வெள்ளையர் அல்லர். 1915 இல் வெள்ளையர்!

நீதிமன்றங்கள் இப்படித் தடுமாறிக் கொண்டிருக்கையில் காங்கிரஸ் தன் பங்குக்கு வாசலை ஒடுக்கியது. 1917 பெப்ரவரியில், ஜனாதிபதி வுட்ரோ வில்சனின் வீட்டோவையும் மீறி, புதிய குடிவரவுச் சட்டம் நிறைவேறியது. குடியேற வருவோருக்கு எழுத்தறிவுப் பரீட்சை வைத்தது அச்சட்டம். இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியைத் 'தடை வலயம்' ஆக்கி, அங்கிருந்து தொழிலாளர் வருவதை அடியோடு நிறுத்தியதும் அதுதான்.

ஈற்றில் விவகாரம் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஜப்பானில் பிறந்த தகாவோ ஒசாவா அமெரிக்க மண்ணில் இருபது வருடங்கள் வாழ்ந்தவர், அங்கேயே படித்தவர். என் தோலும் வெளுப்புத்தானே என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. 1922 நவம்பரில் நீதியரசர் ஜோர்ஜ் சதர்லாண்ட் தீர்ப்பெழுதினார்: தோலின் நிறம் அளவுகோல் அல்ல, வெள்ளையர் என்றால் 'கொகேசிய' இனத்தவர், ஜப்பானியர் அந்த இனத்தவர் அல்லர்.

சரி, அப்படியானால் அக்கால இனவியலாளர் பலர் கொகேசியர் என்று வகைப்படுத்திய வட இந்தியர்? மூன்று மாதங்கள்தான் கழிந்திருந்தன. 1923 பெப்ரவரியில் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கு அதே நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. அவர் அமெரிக்க இராணுவச் சீருடை அணிந்து சேவை செய்தவர். தீர்ப்பை எழுதியவரும் அதே சதர்லாண்ட்தான். இம்முறை அவர் சொன்னது: விஞ்ஞானிகளின் வகைப்பாடு முக்கியமல்ல, சாதாரண மனிதன் யாரை வெள்ளையர் என்று விளங்கிக் கொள்கிறானோ அவர்தான் வெள்ளையர். ஜப்பானியரை வெளியே தள்ள விஞ்ஞானம் உதவியது. இந்தியரை வெளியே தள்ள அது இடைஞ்சலாக இருந்தது. அவ்வளவுதான். இதை எழுதிய சதர்லாண்ட் தாமே இங்கிலாந்தில் பிறந்து, பிள்ளைப் பருவத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டு வரப்பட்டவர் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விளைவு கடுமையாக இருந்தது. ஏற்கனவே பிரஜைகளாகியிருந்த இந்தியர்களிடமிருந்தும் பிரஜாவுரிமையைப் பிடுங்க அரசு வழக்குகள் தொடுத்தது. பெஷாவரிலிருந்து 1915 இல் குடும்பத்தோடு வந்து சான் பிரான்சிஸ்கோவில் வியாபாரம் செய்தவர் வைஷ்ணோ தாஸ் பாகாய். பிரஜையாகிய பின் அதை இழந்தார். கலிபோர்னியாவின் காணிச் சட்டம் அவருடைய சொத்துரிமையைப் பறித்தது. ஊருக்குப் போய்வர அமெரிக்கக் கடவுச்சீட்டும் மறுக்கப்பட்டது. 1928 இல், தன் நிலையை விளக்கிக் கடிதம் எழுதி வைத்துவிட்டு அவர் தற்கொலை செய்துகொண்டார். பெண்களும் தப்பவில்லை. பிரஜையாகத் 'தகுதியற்ற' ஒருவரை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் பிரஜாவுரிமையை இழப்பாள் என்று 1922 ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1924 இல் ஜனாதிபதி கூலிட்ஜ் கையொப்பமிட்ட குடிவரவுச் சட்டம், பிரஜையாக முடியாதோர் நாட்டுக்குள் குடியேறவே வர முடியாது என்று ஆக்கிற்று.

இந்த வழக்குகளில் ஒரு கசப்பான உண்மை புதைந்து கிடக்கிறது. விண்ணப்பித்தவர்கள் தாம் வெள்ளையர் என்று நிறுவப் பாடுபட்டார்களே தவிர, பிரஜாவுரிமைக்கு வெண்மை எதற்கு என்று கேட்டு வாதாடவில்லை. திந்தின் தரப்பு உயர்சாதிப் பெருமையைக்கூட நீதிமன்றத்தில் முன்வைத்தது. அமெரிக்க வெள்ளையர் கறுப்பரோடு திருமண உறவு கொள்ளாதது போலவே, தாழ்ந்தோராகக் கருதப்பட்டவர்களோடு தம்மவரும் கொள்வதில்லை என்றது. இனவாதத் தராசை உடைக்க ஒருவரும் முனையவில்லை. அதில் தமக்கும் ஒரு தட்டுக் கிடைக்குமா என்றே பார்த்தார்கள். அந்தத் தராசு கடைசியில் அவர்களையே கவிழ்த்தது.

அதே காலத்தில் வேறொரு கூட்டமும் அங்கே இருந்தது. வங்காளத்தின் ஹூக்ளிப் பகுதியிலிருந்து பூவேலைப் புடவைகளை மூட்டை கட்டிச் சென்று ஊரூராக விற்ற முஸ்லிம் வியாபாரிகள். கப்பலிலிருந்து நியூயோர்க்கில் இறங்கி நின்றுவிட்ட முஸ்லிம் மாலுமிகள். நியூ ஓர்லியன்ஸின் ட்ரெமே பகுதியிலும் ஹார்லத்திலும் கறுப்பின மக்களுடைய தெருக்களில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. அவர்களில் பலர் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கப் பெண்களை மணந்து குடும்பமாகினர். நீதிமன்றம் மூடிய வாசலை, அந்நாட்டில் ஆகக் கூடுதலாக ஒதுக்கப்பட்ட மக்கள் திறந்துவிட்டார்கள்.

1942 இல் டெட்ரொயிட்டில் அஹ்மத் ஹசன் என்ற யெமன் நாட்டவருக்குப் பிரஜாவுரிமை மறுக்கப்பட்டது. கறுத்த நிறத்தோடு அறபிகளின் மார்க்கமும் அங்கே காரணமாகக் காட்டப்பட்டது. இரண்டு வருடங்களில் மசாசூசெட்ஸ் நீதிமன்றமொன்று இன்னோர் அறபு முஸ்லிமுக்கு அதை வழங்கியது. இந்தியருக்கு 1946 இல் வழி திறந்தது. பிரஜாவுரிமைச் சட்டத்திலிருந்து இன நிபந்தனை முற்றாக நீங்கியது 1952 இல்தான். 1790 முதல் எண்ணினால் 162 வருடங்கள். அவ்வளவு காலமும் அந்த ஒற்றைச் சொல்லுக்குச் சட்டம் வரைவிலக்கணம் தரவேயில்லை. வரைவிலக்கணம் இல்லாமல் இருந்ததுதான் அதன் பலம். வேண்டியவரை உள்ளே எடுக்கவும் வேண்டாதவரை வெளியே தள்ளவும் அப்படியொரு சொல்தானே தோது.