480 நாட்கள்

சென்னையில் ஒரே தெருவைப் பத்தாண்டுகளாகக் கூட்டும் பெண்ணின் பணிமூப்பு எத்தனை ஆண்டு? பத்து என்று சொல்லிவிட முடியாது. அவர் பெயர் யாருடைய பதிவேட்டில் இருந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

தமிழ்நாடு 1981இல் இயற்றிய ஒரு சட்டம், தொழில் நிறுவனங்களில் 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. எண்ணுவதற்கு ஒரே முதலாளி வேண்டும். தனியார்மயம் கை வைத்தது அந்த இடத்தில்தான்.

2000ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி மூன்று மண்டலங்களின் குப்பையை ஓனிக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2007இல் நீல் மெட்டல் ஃபனால்கா வந்தது, 2012இல் ராம்கி, 2020இல் உர்பேசர் சுமீத். ஒப்பந்தம் முடிந்தால் நிறுவனம் போய்விடும். தெருவும் குப்பையும் அங்கேயே இருக்கும். ஒரு நிறுவனத்தில் கழிந்த ஆண்டுகளைக் காட்டி அடுத்த நிறுவனத்திடம் பணிமூப்புக் கேட்க முடியாது.

ஒப்பந்தத்துக்குப் போகாத மண்டலங்களிலும் நிலைமை நேராக இல்லை. அங்கே பல பெண்களை மாநகராட்சி நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் சுயஉதவிக் குழுக்கள் வழியாக வேலைக்கு எடுத்தது. பெண்கள் கூடிச் சேமிக்கவும் சொந்தக் காலில் நிற்கவும் உருவான அமைப்பு, முதலாளி தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழியாயிற்று. 2015 வெள்ளத்திலும் கொரோனாக் காலத்திலும் நகரைச் சுத்தம் செய்தவர்கள் இவர்களைப் போன்றவர்களே. முன்களப் பணியாளர் என்று பாராட்டினார்கள். ஊழியர் என்று எழுதிக்கொள்ளவில்லை.

2025இல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களும் தனியாருக்குப் போயின. ஏறத்தாழ 2,000 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், தலித்துகள். சுமார் 23,000 ரூபாய் மாதக் கூலி 16,000 ஆகிவிடும் என்றார்கள். ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். நடைபாதையிலிருந்து அகற்ற உயர் நீதிமன்றம் உத்தரவிட, 13ஆம் தேதி நள்ளிரவில் கைது நடந்தது. மறுநாள் அமைச்சரவை காலை உணவு, காப்பீடு, வீடு எனப் பல நலத்திட்டங்களை அறிவித்தது. பணி நிரந்தரம் அந்தப் பட்டியலில் இல்லை.

தனியார் வந்தால் செலவு குறையும் என்கிறார்கள். குறையலாம். ஆனால் தெருவின் நீளம் குறையாது. கூட்டும் கைகளுக்கான கூலிதான் குறையும். அந்தப் பெண் வீட்டில் செய்யும் வேலைக்கு யாரும் நாள் கணக்கு வைப்பதில்லை. தெருவில் செய்யும் வேலைக்காவது கணக்கு இருந்தது. ஒப்பந்தம் அதையும் அழிக்கிறது.

ஆகவே அத்தியாவசியச் சேவை அரசின் கையில் இருக்க வேண்டும் என்று சொல்வது பாதிக் கோரிக்கைதான். அதைச் செய்கிறவரின் பெயரும் அரசின் பதிவேட்டில் இருக்க வேண்டும். ரிப்பன் மாளிகை வாசலில் அந்தப் பெண்கள் கேட்டது இதைத்தான்.