அணையில் ஷட்டர் உடைந்தால் தேக்கிய தண்ணீரை ஏன் திறந்துவிடுகிறார்கள்?

இந்திய மளிகைக் கடைகளில் சோனா மசூரி அரிசியைப் பார்த்திருப்பீர்கள். அது அதிகம் விளையும் இடங்களில் ஒன்று, கர்நாடகத்தில் துங்கபத்ரா அணையின் தண்ணீர் பாயும் வயல்வெளி.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி இரவு, நிரம்பியிருந்த அந்த அணையில் ஒரு சங்கிலி அறுந்தது. ஒரு வாரத்தில் 30 டிஎம்சிக்கும் அதிகமாக இருப்பு குறைந்தது. ஒரு டிஎம்சி என்றால் 100 கோடி கன அடி. சுமார் 11,000 ஒலிம்பிக் நீச்சல் குளங்களை நிரப்பலாம்!

ஒரே ஒரு சங்கிலியால் இவ்வளவா? எப்படி?

சங்கிலிக்கு என்ன வேலை?

நீங்கள் தினமும் ஏறும் மின்தூக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நீங்கள் நிற்கும் பெட்டி, மறுபக்கம் அதற்கு ஈடான எடை. அதனால்தான் மோட்டார் அதிகம் சிரமப்படாமல் பெட்டியைத் தூக்குகிறது.

துங்கபத்ரா அணையின் ஷட்டர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு பக்கம் இரும்புக் கதவு, மறுபக்கம் எடை, இரண்டையும் இணைப்பது சங்கிலி. அணையில் இத்தகைய ஷட்டர்கள் 33 உள்ளன. ஒவ்வொன்றும் 60 அடி அகலம், 20 அடி உயரம். அணை நிரம்பியிருக்கும்போது ஒரு ஷட்டரைத் தண்ணீர் சுமார் 340 டன் விசையுடன் தள்ளும்.

அறுந்தது 19ஆம் எண் ஷட்டரின் சங்கிலி. கதவையே தண்ணீர் அடித்துச் சென்றுவிட்டது. அந்த ஓர் இடைவெளியில் மட்டும் விநாடிக்குச் சுமார் 35,000 கன அடி பாய்ந்தது. இரண்டரை விநாடிக்கு ஒரு ஒலிம்பிக் நீச்சல் குளம்!

மற்ற ஷட்டர்களையும் ஏன் திறந்தார்கள்?

மின்தூக்கி பழுதானால் நிறுத்திவிட்டுச் சரிசெய்யலாம். தண்ணீரை நிறுத்த முடியாதே! பாயும் வெள்ளத்தில் புதுக் கதவைப் பொருத்துவது மிகக் கடினம். நீர்மட்டம் இறங்கினால்தான் வேலை நடக்கும். அதனால் மற்ற ஷட்டர்களும் திறக்கப்பட்டன. பயிருக்காகச் சேர்த்து வைத்ததை, மதகைக் காப்பாற்றக் கொட்ட வேண்டிய நிலை.

மதகின் அடிமட்டம்வரை காத்திருந்தால் அணையில் பாதிக்கு மேல் காலியாகியிருக்கும். மதகு வல்லுநர் கன்னையா நாயுடு தலைமையிலான குழு வேறு வழியில் இறங்கியது. ஐந்து துண்டுகளாகத் தற்காலிகத் தடுப்புக் கதவு செய்யப்பட்டது. பொறியாளர்கள் இதை 'ஸ்டாப் லாக்' என்பார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினார்கள். ஆகஸ்ட் 17ஆம் தேதி வேலை முடிந்தது.

இது முதல்முறையா?

இல்லை. கேரளாவில் இருக்கும், தமிழ்நாடு பராமரிக்கும் பரம்பிக்குளம் அணையிலும் 2022 செப்டம்பர் 21ஆம் தேதி இதேபோல் நடந்தது. மூன்று ஷட்டர்களில் ஒன்றின் சங்கிலி அறுந்து, விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி வெளியேறியது. நீர்மட்டம் மதகின் அடிமட்டத்துக்கு இறங்கும்வரை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பழைய அணைகளில் எது முதலில் பழுதாகும்?

துங்கபத்ரா அணை 1953இல் பயன்பாட்டுக்கு வந்தது. கல்லால் கட்டிய சுவர் நூறாண்டும் தாங்கலாம். அசையும் பாகங்கள் அப்படியல்ல:

• சங்கிலியும் கம்பிவடமும் துருப்பிடிக்கும்.

• கதவு ஓரத்து ரப்பர் இறுகி, நீர் கசியும்.

• கால்வாய்க்கு நீர் விடும் பாசன மதகில் வண்டல் அடைக்கும். அது ஆழத்தில் இருப்பதால், முக்குளிப்பவர்கள் இறங்கித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

மதகுக்கு முன்னால் தடுப்புக் கதவை இறக்கத் தனிப் பள்ளம் அமைத்து, கதவையும் தயாராக வைத்திருக்கலாம். அப்போது அணையில் தண்ணீர் இருக்கும்போதே ஒவ்வொரு ஷட்டராகக் கழற்றிப் பழுதுபார்க்கலாம். துங்கபத்ராவில் அப்படி எதுவும் தயாராக இல்லை. விபத்துக்குப் பிறகுதான் அவசரமாகச் செய்தார்கள்.

அந்த ஆண்டு அதிர்ஷ்டம் கைகொடுத்தது. மழை பெய்து செப்டம்பரில் அணை மீண்டும் நிரம்பியது. ஆனால் சுமார் 105 டிஎம்சி கொள்ளும் அணையில், பாதுகாப்புக்காக 2025இல் 80 டிஎம்சி அளவுக்கே தேக்க முடிவானது. 33 ஷட்டர்களையும் மாற்றும் திட்டமும் தொடங்கியது. குறைத்துத் தேக்கும் ஒவ்வொரு டிஎம்சியும் யாரோ ஒரு விவசாயியின் வயலுக்குப் போகவேண்டிய தண்ணீர்.

அடுத்த முறை உங்கள் புளோக்கில் 'மின்தூக்கி பராமரிப்பில் உள்ளது' என்ற பலகையைப் பார்த்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். அறுவதற்கு முன்பே யாரோ சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்!