மந்தை, திடல், அரங்கம்: மதுரையில் ஓடுவதற்கான இடம் பற்றிச் சில குறிப்புகள்

1

மதுரையின் சில ஊர்ப்பெயர்கள் காணாமற்போன வெட்டவெளிகளின் பெயர்கள். தாவணி என்றால் மாட்டுச்சந்தை. மாட்டுத்தாவணின்னா இன்றைக்கு பஸ் ஸ்டாண்டு. திலகர் திடல் என்றால் ஒரு சந்தை, ஒரு காவல் நிலையம். திடல் எங்கேன்னு கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு, நகரத்துக்கு வெளியே கிடந்தது வெளி வீதி ஆயிற்று. இப்போது அது நகரத்தின் நடு.

நகரம் வெளிகளைத் தின்றுதான் வளரும் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் யாருடைய வெளி முதலில் தின்னப்படுகிறது, எந்த வெளிக்கு வேலி போட்டுக் காப்பாற்றுகிறார்கள் என்பது அதிகாரம் பற்றிய கேள்வி. அரசுப் பள்ளியில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற ஒரு பிள்ளை ஓட, தாண்ட, எறிய இந்த நகரத்திலும் சுற்றியுள்ள சமவெளியிலும் இடம் இருக்கிறதா என்ற சின்னக் கேள்வியை முன்வைத்து இதைப் பேசிப் பார்க்கலாம். ‘மைதான மேம்பாடு’ என்பது எல்லாக் கட்சிக்கும் பிடித்த சொல்லாகிவிட்ட நேரம் இது. அந்தச் சொல்லைக் கொஞ்சம் ஐயத்தோடு பார்ப்பது நல்லது.

2

பள்ளி மைதானத்துக்கு முன்னால் மந்தை இருந்தது. ஆடுமாடு கூடி நிற்கிற இடம். வெள்ளைக்காரன் நில அளவைக் கணக்கில் அது ‘மந்தைவெளிப் புறம்போக்கு’ ஆனது. யாருக்கும் பட்டா கிடையாது. அதனாலேயே எல்லோருக்கும் பாத்தியம் என்று பேர். பொங்கலுக்குச் சடுகுடுவும் வழுக்குமரமும் இளவட்டக்கல்லும் அங்கேதான். அறுவடை முடிந்துவிட்டால் தரிசாகக் கிடக்கிற வயல்கூட ஆடுகளம்தான்.

இதை ஆகா என்று கொண்டாடிவிட முடியாது. நாட்டார் வழக்காற்றை எடுத்துப் பேசுகிற நம் ஆட்கள் பலர் சறுக்குகிற இடம் இது. மந்தை ‘ஊருக்கு’ப் பொது. ஊர் என்றால் சேரி அதில் சேர்த்தியில்லை. செருப்போடு மந்தையில் நடக்க முடியாதவன் அங்கே ரெய்டு போகவா முடியும்? பெண்கள் அங்கே வேடிக்கை பார்க்கலாம், பொங்கல் வைக்கலாம், குலவையிடலாம், ஆட முடியாது. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 1989இல் எழுப்பப்பட்ட சுவரின் ஒரு பகுதியை இடிக்க 2008 மே மாதம் வரை போராட வேண்டியிருந்தது. பாதைக்கே இந்தப் பாடு என்றால் பொட்டலுக்கு?

பள்ளி மைதானம் ஒரு சிறு உடைப்பை உண்டாக்கியது இந்த இடத்தில்தான். அங்கே பிள்ளைகளை நிறுத்துவது உயர வரிசையில். கபடியில் தொட்டால்தான் புள்ளி. கட்டிப்பிடித்தால்தான் ஆள் அவுட். தொடுவதையே விதியாகக் கொண்ட ஒரு விளையாட்டு, தீண்டாமையை விதியாகக் கொண்ட ஊருக்குள் பள்ளிக்கூட வாசல் வழியாக வேறு அர்த்தத்தோடு நுழைந்தது. இதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஊர் டீம்கள் இன்றும் தெருவாரியாகத்தான் கட்டப்படுகின்றன. பள்ளிகளில் சாதி வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்லி நீதிபதி சந்துரு குழு அறிக்கை தர வேண்டிய நிலைமை 2024இலும் இருந்தது. ஆனாலும் வெவ்வேறு தெருப் பிள்ளைகள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து புரளக்கூடிய இடம், சமவெளிக் கிராமங்களில் பள்ளி மைதானத்தைத் தவிர அதிகம் இல்லை. அது போனால் இந்த உடைப்பும் போகும்.

3

அந்த மைதானம் எங்கிருந்து வந்தது? 1920ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில், குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்ய மறுத்த மக்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. ஊர்க்காரர்கள் ‘ரேகைச் சட்டம்’ என்று சொன்ன அந்தச் சட்டம், ஆண்களின் இரவைக் காவல்துறையிடம் ஒப்படைக்கச் சொன்னது. அதைத் தொடர்ந்து வந்த ‘சீர்திருத்த’ நடவடிக்கைகளில் ஒன்றுதான் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். அதே 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை அமெரிக்கரான ஹாரி குரோ பக் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைக் கூட்டிப்போனவரும் அவரே. அந்த மரபில் பயிற்சி பெற்றவர்கள்தான் பின்னால் நம் பள்ளிகளின் பி.டி. மாஸ்டர்கள் ஆனார்கள்.

இரண்டையும் யாரோ திட்டமிட்டு இணைத்தார்கள் என்பதல்ல வாதம். உடல்களை எண்ணு, வரிசையில் நிறுத்து, விசிலுக்கு அசைய வை என்கிற தர்க்கம் இரண்டிலும் ஓடுகிறது. ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பி.டி. பீரியடு, மாஸ் டிரில், சுதந்திர தின அணிவகுப்பு எல்லாமே பணியும் உடலைத் தயார்செய்யும் தொழில்நுட்பங்கள்.

ஆனால் இதோடு நின்றுவிட்டால் பாதிதான் சொன்னதாகும். பணிய வைக்க வந்த அதே சுண்ணாம்புக் கோட்டை, கூலிவேலையிலிருந்து தப்பிக்கிற வழியாகப் பிள்ளைகள் மாற்றிக்கொண்டார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே, போலீஸ், மின்வாரியம் என்று வேலைக்குப் போனவர்களின் வரலாற்றை யாரும் இன்னும் எழுதவில்லை. அவர்களைப் பொறுத்தவரை மைதானம் ஒழுங்கின் கூடம் மட்டுமல்ல. ஆகவே மைதானத்தை விமர்சிக்கிற நாம் அது இல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

4

இனி சென்ட் கணக்கு. தத்துவத்தைவிட இது நன்றாகப் பேசும்.

8 தடம் கொண்ட 400 மீட்டர் ஓடுதளத்துக்கு ஏறக்குறைய 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் வேண்டும். அதாவது 4 ஏக்கர். கால்பந்து மைதானத்துக்கு ஒன்றே முக்கால் ஏக்கர். வாலிபால் ஆடுகளம் 18க்கு 9 மீட்டர், 4 சென்ட். கபடி 13க்கு 10 மீட்டர், 3 சென்ட் சொச்சம்.

2000களில் சிட்டிபாபு குழுவின் பரிந்துரையை ஒட்டி, தனியார் பள்ளிகளுக்குக் குறைந்தபட்ச நில அளவு வகுக்கப்பட்டது. மாநகராட்சி எல்லைக்குள் 6 கிரவுண்டு. கட்டடமும் சேர்த்துத்தான். ஆறு கிரவுண்டு என்றால் 14,400 சதுர அடி. மதுரைக் கணக்கில் 33 சென்ட். கட்டடமே இல்லாமல் விட்டாலும் ஓடுதளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட வராது. கிராம ஊராட்சிக்கு வகுத்தது 3 ஏக்கர். அதிலும் 400 மீட்டர் தளம் அடங்காது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. எவ்வளவு பெரிசு என்று சொல்லவில்லை. ஒரு வேப்பமரமும் அதன் நிழலும் இருந்தால் அதையும் மைதானம் என்று எழுதிக்கொள்ளலாம்.

‘எங்க ஊரு புள்ளைங்களுக்குக் கபடிதான் ரத்தத்துல ஊறியிருக்கு’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். ரத்தத்தில் ஊறியதாகச் சொல்லப்படுவதில் பாதி, 3 சென்டில் அடங்கியதால் வந்தது. ஏழைப் பள்ளியின் விளையாட்டு எது என்பதைப் பண்பாடு மட்டும் தீர்மானிக்கவில்லை. நிலமும் சேர்ந்தே தீர்மானித்தது.

அரசுப் பள்ளிகளுக்கும் பழைய மானியப் பள்ளிகளுக்கும் நிலம் இருக்கிறதே என்றால், பல இடங்களில் இருக்கிறது. அதுதான் அதற்கு ஆபத்தும். பட்டாதாரர் இல்லாத காலியிடம் எங்கே என்று தேடுகிற எந்த இலாகாவுக்கும் முதலில் கண்ணில் படுவது பள்ளி மைதானமே. ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, இன்னொரு மூலையில் அங்கன்வாடி, நடுவில் கூடுதல் வகுப்பறை. ஒவ்வொன்றும் நியாயமான தேவைதான். எதையும் எதிர்த்துப் பேச முடியாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் விட்டுக்கொடுப்பது ஓடுகிற பிள்ளைதான்.

5

மைதானம் இப்படிச் சுருங்கிய அதே காலத்தில் அரங்கம் வளர்ந்தது. வரலாற்றில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு தமுக்கம். நாயக்கர் காலத்தில் அரண்மனையை ஒட்டி ஆட்சியாளர்கள் விளையாட்டுகளை வேடிக்கை பார்த்த களம். அந்த அரண்மனை 1959இல் காந்தி அருங்காட்சியகம் ஆனது. திடல் சித்திரைப் பொருட்காட்சிக்கும் அரசியல் மாநாட்டுக்கும் ஆயிற்று. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மாணவர்கள் திரண்டு உட்கார்ந்ததும் அங்கேதான். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அதே வளாகத்தில் எழுந்த மாநாட்டு மண்டபம் 2022இல் திறக்கப்பட்டது. கூட்டம் தானாகக் கூடுகிற திடல், வாடகைக்குக் கூடுகிற மண்டபம் ஆனது. இதற்கும் பேர் மேம்பாடுதான்.

அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ரூ.60 கோடிக்கு மேல் செலவில் ஏறுதழுவுதல் அரங்கம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. 2025 இறுதியில் ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது; அதற்காக ரேஸ் கோர்ஸ் வளாகத்தில் சர்வதேசத் தரத்தில் ஆடுகளம் வந்தது. இவை வேண்டாம் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு அல்ல. நல்ல புல்தரையில் ஹாக்கி மட்டை பிடிக்க மதுரைப் பிள்ளைக்கு வாய்ப்பு வருவது நல்லதுதான். கேட்பது இதுதான்: உலகக் கோப்பை முடிந்த மறுநாள் சாயங்காலம் அந்தக் கதவு எந்தப் பள்ளிப் பிள்ளைக்குத் திறந்தது? அரங்கம் பார்ப்பவரை மையமாக வைத்துக் கட்டப்படுகிறது. பள்ளி மைதானத்தில் பார்வையாளருக்கு இடமே இல்லை. அங்கே எல்லோரும் ஆட்டக்காரர்கள். ஒரு சமூகம் முதலாவதில் கோடிகளைக் கொட்டி இரண்டாவதை மறந்தால், அது தன் பிள்ளைகளை ரசிகர்களாக வளர்க்கிறது என்று பொருள்.

6

சக்கிமங்கலம் ரேவதி வீரமணியின் கதையைப் பத்திரிகைகள் ‘சாதனைக் கதை’யாக எழுதித் தள்ளின. பெற்றோரைச் சிறுவயதில் இழந்தவர். கூலிவேலை பார்த்து வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். வெறுங்காலோடு ஓடியவரைப் பள்ளிப் போட்டியில் பார்த்துப் பயிற்சியாளர் கண்ணன் கூப்பிட்டபோது பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் பயிற்சி, லேடி டோக் கல்லூரி, ரயில்வே வேலை, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டம்.

இந்தக் கதையாடலைத் தலைகீழாக வாசிக்க வேண்டும். ஒரு பெண் ஒலிம்பிக் போனது வியப்பு என்றால், போகாத மற்றவர்களை எங்கே தொலைத்தோம்? ‘பொட்டப்புள்ளைக்கு எதுக்கு ஓட்டம்’ என்பது வீட்டின் குரல் மட்டுமல்ல. கழிப்பறை இல்லாத, விளக்கு இல்லாத, பஸ் ஏறித்தான் போக வேண்டிய மைதானமும் அதையேதான் சொல்கிறது. ஆறு மணிக்கு இருட்டிவிட்ட பொட்டலில் பெண்பிள்ளையை விடமாட்டேன் என்கிற பாட்டி பிற்போக்கானவர் அல்ல, நிலைமை தெரிந்தவர். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பாதுகாப்பான தரை இருந்திருந்தால் சம்மதிக்க வைக்கிற வேலையில் பாதி மிச்சமாகியிருக்கும்.

7

அப்படியானால் மேம்பாடு என்பதை எப்படிச் சொல்வது? 2006க்கும் 2011க்கும் இடையில் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் விளையாட்டு மைதானம் அமைக்க எடுத்த முயற்சி, ஊருக்கு ஒரு தரை என்ற எண்ணத்தையாவது அரசுக் கோப்புக்குள் கொண்டுவந்தது. திட்டம் போனபின் கருவேலம் முளைப்பது எப்படி என்று நமக்குத் தெரியும். கம்பி ஊன்றுவதற்கு நிதி உண்டு. தினம் தண்ணீர் தெளித்து ரோலர் இழுக்கிற ஆளுக்குச் சம்பளம் கிடையாது.

கேட்க வேண்டியவை சாதாரணமானவை. கல் பொறுக்கி மட்டம்செய்த செம்மண் தரை. மழைநீர் வடிய வாய்க்கால். குடிதண்ணீர்க் குழாய், பெண்களுக்குக் கழிப்பறை, இரண்டு விளக்கு. கணக்கு வாத்தியார் கடன்வாங்காத பி.டி. பீரியடு, அதற்கு ஒரு நிரந்தர உடற்கல்வி ஆசிரியர். காலையிலும் மாலையிலும் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைக்கும் காலனிப் பிள்ளைக்கும் காசில்லாமல் திறக்கிற கதவு. அந்த நேரத்தை எழுதிப்போட்ட ஒரு பலகை. எல்லாவற்றுக்கும் மேலாக, மைதானம் காலியிடம் அல்ல, உபயோகத்தில் உள்ள நிலம் என்ற சட்டப்பூர்வ ஒப்புதல். 33 சென்ட் பள்ளிகள் ஆளுக்கு ஒன்றாய் மைதானம் தேட முடியாது. நாலைந்து பள்ளிக்குப் பொதுவாக ஒரு 4 ஏக்கரை நகருக்குள் ஒதுக்கச் சொல்லிக் கேட்கலாம். 2020களின் தொடக்கத்தில் அரசரடி ரயில்வே மைதான நிலத்தைக் குத்தகைக்கு விடும் பேச்சு எழுந்தபோது எதிர்ப்பும் எழுந்தது. பெரிய மைதானத்துக்கு எழுந்த குரல் சின்ன மைதானங்களுக்கும் எழ வேண்டும்.

அரசிடம் கேட்பதற்கு முன் நாம் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தாலுகா அலுவலகத்தில் அ-பதிவேட்டில் உங்கள் ஊர்ப் பள்ளியின் புல எண்ணையும் பரப்பையும் எடுங்கள். ஒரு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போய், உள்ளபடி தரை எவ்வளவு மிச்சம் என்று அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்று ஊர்க்கூட்டத்தில் கேளுங்கள். மதுரைச் சமவெளியின் மைதான வரலாற்றை அந்த வித்தியாசத்திலிருந்துதான் எழுதத் தொடங்க முடியும்.