மிளகும் தேறலும்

குளிரூட்டிய வெள்ளைத் திராட்சை மதுவில் பச்சை மிளகாயை அரிந்திட்டுக் கோடையில் பருகும் வழக்கம் மேலைநாடுகளில் அண்மையில் பரவியுள்ளது. குளிர்ச்சியும் காரமும் ஒரே கிண்ணத்தில் கூடுவதைப் பலர் புதுமை என்பர். ஆயினும், மதுவில் காரம் சேர்க்கும் வழக்கம் மிகப் பழமையானது. அதன் வரலாற்றில் தமிழகத்திற்கும் பங்குண்டு. அப்பங்கைக் கூட்டாமலும் குறைக்காமலும் அறிதல் வேண்டும்.

அகநானூற்றின் 149ஆம் பாடலில், எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் முசிறித் துறையைக் காட்டுகிறார். யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீளுகின்றன. புறநானூற்றின் 56ஆம் பாடலில், நக்கீரனார் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துங்கால், யவனர் கொணர்ந்த குளிர்ந்த நறுந்தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஊட்ட மகிழ்ந்திருக்குமாறு கூறுகிறார். ஆக, மிளகு மேற்கே சென்றது. மது கிழக்கே வந்தது.

இது புலவரின் கற்பனையன்று. முசிறியில் இறக்கிய பொருள்களுள் மதுவும் ஒன்றென முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்பயண நூலாகிய பெரிப்ளசு குறிக்கிறது. 1945இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மது கொண்டுவந்த மண்சாடிகளின் உடைந்த பகுதிகள் வெளிப்பட்டன. எகிப்தின் பெரெனிகே துறைமுகக் கோயிலில், இந்தியச் சாடி ஒன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு கிடைத்தது.

மதுவில் மிளகை இட்டவர் யாவர்? அபீசியசு பெயரால் வழங்கும் உரோமானியச் சமையல் நூல் தேன், மிளகு, குங்குமப்பூ, பேரீச்சை ஆகியன சேர்ந்த மது ஒன்றின் செய்முறையைத் தருகிறது. காரம் ஒன்றன்றி வேறு சிறப்பில்லாத மிளகுக்கு இத்துணை விருப்பமா எனப் பிளினி வியந்தார். மேலே கண்ட இரு பாடல்களும் தேறலில் மிளகு கலந்ததாகக் கூறவில்லை. மிளகை அளித்தவர் தமிழகத்தார். அதனை மதுவில் கலந்தமைக்குச் சான்று உரோமரிடமே உண்டு. இவ்வேறுபாட்டை மறந்து அனைத்தையும் நமதென்று உரைப்பது வரலாறு ஆகாது.

மிளகாய் பற்றியும் இத்தகைய தெளிவு தேவை. சங்ககால அடுக்களையில் மிளகாய் மணத்ததாக மாணவர் சிலர் எழுதிவிடுவதுண்டு. மிளகாயின் தாயகம் அமெரிக்கா. 1492இல் மிளகைத் தேடிப் புறப்பட்ட கொலம்பசு அங்கே கண்டது மிளகாயை. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த பின்னர், போர்ச்சுகீசியர் வழியே அது இந்தியாவிற்கு வந்தது. மிளகை நாடி வந்தவர்கள் மிளகின் இடத்தைப் பிடிக்கும் பொருளையே கொணர்ந்தனர்! காரத்தால் மிளகை ஒத்த காய் ஆதலின் தமிழர் அதனை மிளகாய் என்றனர். அச்சொல்லே அது பின்னர் வந்தது என்பதற்குச் சான்று. மாறாக, சங்கப் பாடல்களில் மிளகைக் குறித்த 'கறி' என்னும் சொல் இன்று வேறு பொருள் தருகிறது. இதனை அறியாதார் அகநானூற்றைப் பிழைபடவே கற்பர்.

மிளகின் வரலாறு சிங்கப்பூரையும் தொட்டுச் செல்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இத்தீவின் ஆற்றங்கரைகளில் சீனக் குடியானவர்கள் மிளகும் காம்பியரும் பயிரிட்டனர். காய்ச்சி எடுத்த காம்பியர் இலைச் சக்கை மிளகுக்கொடிக்கு எருவாயிற்று. உட்லண்ட்ஸுக்கு மேற்கேயுள்ள லிம் சூ காங் என்னும் பெயர் அத்தோட்டக் குடியிருப்புகளின் நினைவைச் சுமப்பதாகும். மண் வளம் குன்றவே தோட்டங்கள் பல நீரிணையைக் கடந்து ஜொகூருக்குப் பெயர்ந்தன. 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம் இன்று அவ்விரு கரைகளையும் உட்லண்ட்ஸில் இணைக்கிறது.

வெயிலுக்குக் காரம் சேர்த்துப் பருகும் வழக்கம் தமிழரிடமும் உண்டு. வெல்லநீரில் மிளகும் சுக்கும் ஏலமும் சேர்வது பானகம். மோரில் இஞ்சியும் பச்சை மிளகாயும் சேர்வது நீர்மோர். காரம் வியர்வையைத் தூண்டுகிறது. வியர்வை உலர்கையில் உடல் குளிர்கிறது. பானகத்தில் பழைய மிளகும் நீர்மோரில் பின்வந்த மிளகாயும் இன்றும் நிலைத்துள்ளன. தேக்காச் சந்தையில் இவ்விரண்டையும் வாங்கி வகுப்பறை மேசைமீது வைத்தால் போதும். ஈராயிரம் ஆண்டுக் கடல்வணிகத்தை மாணவர்க்கு விளக்க ஆசிரியருக்கு வேறு கருவி வேண்டுவதில்லை.